எம்டன் கப்பலின் கேப்டன் யார், அவர் கடைசியில் என்ன ஆனார்?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 1914இல் சென்னை மீது குண்டு போட்ட எம்டன் கப்பலின் கேப்டன் யார், போருக்குப் பிறகு அவர் கதி என்ன என்பது ஒன்று. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில்தான் வந்தார் என்கிறார்களே, உண்மையா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரே சொல்லில் பதில்: வரவில்லை. ஏன் என்பதை, கதை சென்னைக்கு வரும்போது சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அவர் பெயர் கார்ல் ஃபான் முல்லர். நம் ஊரில் கப்பல் பெயர் நிலைத்த அளவுக்கு அதை ஓட்டியவர் பெயர் நிலைக்கவில்லை. என் பாட்டி, வட்டிப் பணம் கேட்டு வாசலில் வந்து நின்ற ஒருவரை "அவன் சரியான எம்டன்" என்பார். பாட்டிக்கு அது கப்பல் என்றே தெரியாது. யாருக்கும் மசியாத, கில்லாடியான, பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிற ஆள் என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், முல்லர் அந்தச் சொல்லுக்கு நேர் எதிரான ஆள். ஒல்லி, கூச்ச சுபாவம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கப்பலில் அவரோடு இருந்தவர்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வரைபடத்தோடு மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்திருப்பவர் என்ற சித்திரம்தான் கிடைக்கிறது. தூக்கமும் பல நாள் அந்த நாற்காலியிலேயே.

1873 ஜூன் 16இல் ஹானோவர் நகரில் பிறந்தார். அப்பா பிரஷ்ய ராணுவத்தில் கர்னல். பிள்ளையையும் தரைப்படைக்கு அனுப்புவதாகத்தான் ஏற்பாடு, ப்ளோன் என்ற ஊரில் இருந்த ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆனால் 1891இல் அவர் கடற்படைக்கு மாறிக்கொண்டார். பயிற்சிக் கப்பல்கள், அப்புறம் போர்க்கப்பல்கள் என்று வழக்கமான படிகள்தான். இடையில் ஷ்வால்பே என்ற சிறிய கப்பலில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, அதாவது இன்றைய தான்சானியா பக்கம், போனார். அங்கே பிடித்த மலேரியா சாகும் வரை அவரை விடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை வரும்.

1900இல் ஜெர்மனி திரும்பினார். போர்க்கப்பல் ஒன்றில் பீரங்கி அதிகாரி, பிறகு கைசரின் (ஜெர்மன் பேரரசரின்) தம்பி இளவரசர் ஹென்ரிக்கின் அலுவலர் குழு, 1908 கடைசியில் பதவி உயர்வோடு பெர்லினில் கடற்படை அமைச்சக வேலை. கோப்பு பார்க்கிற வேலைதான் என்றாலும், அமைச்சகத்தை ஆண்டுகொண்டிருந்த தளபதி டிர்பிட்ஸின் கண்ணில் பட்டார். அதற்குப் பரிசுபோல 1913இல் எம்டனின் பொறுப்பு கைக்கு வந்தது. அதே ஆண்டு சீனாவில் நடந்த கலகத்தின்போது, யாங்சே ஆற்றங்கரையில் தன் கப்பல் மீது சுட்ட கோட்டைகளைத் திருப்பிச் சுட்டு அடக்கியதற்காக ஒரு பதக்கம் கிடைத்தது. நாற்பது வயது வரை அவர் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி நடந்தது இவ்வளவுதான்.

கப்பலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முல்லரின் மூளை வேலை செய்த விதம் அதற்குள்தான் இருக்கிறது. எம்டன் 1908இல் டான்சிக்கில் நீரில் இறக்கப்பட்ட இலகு ரகக் கப்பல். சுமார் 3,600 டன், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, மாலுமிகள் ஏறக்குறைய 360 பேர். மற்ற நாட்டுக் கப்பல்கள் டர்பைனுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது இன்னும் பழைய பிஸ்டன் நீராவி இயந்திரத்தில் ஓடியது. சீனக் கடற்கரையில் ஜெர்மனி குத்தகைக்கு வைத்திருந்த சிங்டாவ் துறைமுகம்தான் வீடு. சமாதானக் காலத்தில் வெள்ளை பூசி இருந்ததால் 'கிழக்கின் அன்னம்' என்று பெயர். ஆனால் அன்னத்துக்கு நிலக்கரிப் பசி அதிகம். வயிறு நிறைய ஏற்றினாலும் 800 டன்னுக்குச் சற்று மேல்தான் கொள்ளும். வேகமாக ஓடினால் சில நாளில் தீர்ந்துவிடும். சிங்டாவை விட்டு வந்துவிட்டால், இந்தியப் பெருங்கடலில் நிலக்கரிக்கு நம்பிப் போக ஒரு துறைமுகம் கிடையாது.

1914 ஜூலை 31 அன்று, போர் அறிவிப்புக்கு முன்பே, முல்லர் சிங்டாவை விட்டுக் கிளம்பிவிட்டார். துறைமுகத்துக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கணக்கு. ஆகஸ்ட் 4இல் ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலைப் பிடித்தார். பிறகு பசிபிக்கில் பாகன் என்ற எரிமலைத் தீவில் ஜெர்மனியின் கிழக்காசியப் படை ஒன்றுகூடியது. தளபதி மாக்சிமிலியன் ஃபான் ஸ்பீ எல்லாக் கப்பல்களோடும் தென் அமெரிக்கா பக்கம் போவதாக முடிவு. அந்தக் கூட்டத்தில்தான் முல்லர் தன் யோசனையைச் சொன்னார்: ஒரே ஒரு இலகு கப்பலை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புங்கள். மொத்தப் படைக்கும் அங்கே நிலக்கரி கிடைக்காது, ஒரு கப்பல் என்றால் எதிரியிடமிருந்தே பிடுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஸ்பீ ஒப்புக்கொண்டு எம்டனையும், கூடவே மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலையும் கொடுத்தார். முல்லரின் துணிச்சலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இது துணிச்சலைவிடக் கரிக்கணக்கு தெரிந்தவர் போட்ட திட்டம்.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அந்தக் கடலில் சுற்றிய பிரிட்டிஷ் கப்பல்கள் சிலவற்றுக்கு நான்கு. முதல் துணை அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கேயின் யோசனைப்படி, கித்தானையும் மரச்சட்டத்தையும் வைத்து நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்தார்கள். தேவைப்படும்போது தூக்கி நிறுத்துவார்கள், வேலை முடிந்ததும் மடக்கிவிடுவார்கள். அந்த வேஷத்தோடு இன்றைய இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே புகுந்து, செப்டம்பர் 10 வாக்கில் வங்காள விரிகுடாவில் தலைகாட்டினார்கள்.

முதலில் சிக்கியது போன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல், பிரிட்டிஷாருக்காக ஏற்றிய நிலக்கரியோடு. அடுத்தடுத்து இண்டஸ், லோவாட், கில்லின், தேயிலை ஏற்றிய டிப்ளோமாட் என்று வரிசையாக வந்து விழுந்தன. இண்டஸில் சோப்பு மட்டும் மூட்டை மூட்டையாக இருந்ததாம். எம்டனில் சோப்புக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரம், மாலுமிகள் கொண்டாடிவிட்டார்கள். முல்லரின் நடைமுறை எப்போதும் ஒன்றுதான். கொடி காட்டி நிறுத்துவார், ஒரு படகில் ஆட்களை அனுப்பிக் காகிதங்களைச் சரிபார்ப்பார், பயணிகளையும் மாலுமிகளையும் சாமான்களோடு வேறு கப்பலுக்கு மாற்றுவார், அதற்குப் பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலின் கேப்டன் மனைவியையும் குழந்தையையும் கூட வைத்திருந்தார் என்பதால் அதை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களை எல்லாம் அதில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார். இப்படி விடுபட்டுப் போனவர்கள் எம்டனைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி ஆரவாரம் செய்ததும் உண்டு. வணிகக் கப்பல்களைப் பிடித்த இந்த வேலையில் ஒரு வணிக மாலுமிகூட உயிரிழக்கவில்லை.

இந்த மூன்று மாதமும் எம்டன் மாலுமிகள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கரி சுமந்தார்கள். நடுக்கடலில் இரண்டு கப்பலையும் பக்கம் பக்கமாகக் கட்டி நிறுத்த வேண்டும். அலை அடிக்க அடிக்க இரண்டும் முட்டிக்கொள்ளும். வெப்ப மண்டல வெயிலில், கரித்தூள் மூக்கிலும் கண்ணிலும் அப்ப, மூட்டை மூட்டையாகக் கைமாற்றி ஏற்றுவார்கள். கிடங்கு நிரம்பிய பிறகும் விடமாட்டார் முல்லர், மேல்தளத்திலும் குவிக்கச் சொல்வார். அடுத்த கப்பல் எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் கிரேக்கக் கப்பலில் கிடைத்தது இந்திய நிலக்கரி. சூடு குறைவு, புகை அதிகம். ஒளிந்து திரிய வேண்டிய கப்பலுக்கு அதைவிடக் கெட்ட எரிபொருள் இல்லை.

சரி, சென்னைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22, இரவு சுமார் ஒன்பதரை மணி. போர் எங்கேயோ ஐரோப்பாவில் நடக்கிறது என்ற நினைப்பில் ஊரில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன, கலங்கரை விளக்கம் உட்பட. வழி காட்ட அதைவிட என்ன வேண்டும்? கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்று, தேடு விளக்கைப் போட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றிக்கொண்டன. எரிந்துபோன எண்ணெய் சுமார் மூன்றரை லட்சம் கேலன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது, அதில் உயிர்ப்பலியும் உண்டு. ஆக, எம்டனால் யாருமே சாகவில்லை என்று சிலர் எழுதுவது சென்னையைப் பொறுத்தவரை தவறு. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டார்கள், ஒன்றும் கப்பல் மேல் படவில்லை.

குறி தவறினாலும் குண்டு குடியிருப்புகள் மேல் விழாதபடி கோணம் பார்த்துத்தான் கப்பலை நிறுத்தினார் என்று மூக்கே எழுதியிருக்கிறார். இருந்தும் சில குண்டுகள் ஊருக்குள் விழுந்தன, அதில் ஒன்றின் நினைவாகத்தான் உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. திரும்பும்போது இன்னொரு வித்தை. கரையில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு பக்க விளக்குகளை மட்டும் எரியவிட்டு வடக்கே போனார். கொஞ்ச தூரம் போனதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பிவிட்டார்.

ராணுவக் கணக்கில் சென்னைத் தாக்குதல் ஒன்றுமே இல்லை. எண்ணெய் போனதைச் சில வாரத்தில் ஈடுகட்டிவிடலாம். முல்லருக்கும் அது தெரியும். இந்தியர்கள் கண்ணெதிரே ஆங்கிலேயனின் கௌரவத்தைத் தட்டிப் பார்ப்பதும், வியாபாரத்தைக் குழப்புவதும்தான் நோக்கம். அது நடந்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறினார்கள். கப்பல் முதலாளிகள் துறைமுகத்தை விட்டுக் கப்பலை எடுக்கப் பயந்தார்கள்.

இங்கேதான் செண்பகராமன் பிள்ளை கதை ஒட்டிக்கொண்டது. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் உண்மையிலேயே ஜெர்மனியோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்து வேலை செய்தவர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார், அதற்கு அடுத்த மாதம்தான் பெர்லின் போய்ச் சேர்ந்தார். எம்டனோ சிங்டாவிலிருந்து கிளம்பி வழியில் எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் தொடவில்லை. ஏறுவதற்கு வழியே இல்லை. அவருடைய பெருமைக்கு இந்தக் கட்டுக்கதை தேவையும் இல்லை.

சென்னைக்குப் பிறகு இலங்கைக் கடல். கொழும்பின் தேடு விளக்குகள் கண்ணில் படும் தூரத்திலேயே சர்க்கரை ஏற்றிய ஒரு கப்பலைப் பிடித்தார்கள். அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் புரெஸ்க் என்ற கப்பல், முதல்தர வேல்ஸ் நிலக்கரி 6,000 டன்னுக்கும் மேல். கரிக்கவலை தீர்ந்தது. அக்டோபரில் தெற்கே டியகோ கார்சியா தீவுக்குப் போனால், அங்கே இருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய செய்தியே போய்ச் சேரவில்லை! தபால் கப்பல் மாதக் கணக்கில் ஒருமுறைதான் வரும் ஊர். முல்லரும் வாயைத் திறக்கவில்லை. எம்டன் ஆட்கள் அவர்களுடைய பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள், பதிலுக்குப் பழமும் மீனும் பன்றியும் வந்தன. அங்கிருந்து மினிக்காய் பக்கம் திரும்பி மீண்டும் வரிசையாக வேட்டை. அதில் பொன்ராபெல் என்ற தூர்வாரும் கப்பலும் ஒன்று. ஆமை வேகத்தில் ஆடி ஆடி டாஸ்மேனியா வரை போக வேண்டிய அதன் மாலுமிகள், பிடிபட்டதில் துக்கப்படவே இல்லையாம்.

அக்டோபர் 28 விடியற்காலை பினாங்கு. இதுதான் எம்டன் செய்ததிலேயே ரத்தம் அதிகம் சிந்திய காரியம். பொய்ப் புகைபோக்கியோடு துறைமுகத்துக்குள் நுழைந்து, பக்கத்தில் போனதும் ஜெர்மன் கொடியை ஏற்றி, நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்தார்கள். அதன் கேப்டன் கரையில் இருந்தார். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வெளியே வரும் வழியில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சுக்காரர்களை நின்று பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் முல்லர் நகர்ந்தார், துரத்தி வருவார்கள் என்று தெரிந்தும். காயத்தால் இறந்தவர்களைக் கொடி போர்த்தி, மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்.

நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகள். தந்திக் கம்பி நிலையத்தை உடைக்க மூக்கே தலைமையில் 50 பேர் கரையிறங்கினார்கள். ஆனால் கரையில் இருந்தவர்கள், புதுக் கப்பல் ஒன்று வாயிலில் நிற்கிறது என்று கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்தோ பதில் வந்ததை எம்டனும் கேட்டது. சத்தம் மெலிவாக இருந்ததால் எதிரி ரொம்பத் தூரம் என்று கணித்தார்கள். உண்மையில் ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அதற்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் ஐம்பது சொச்சம் மைலில்தான் இருந்தது. அடிவானத்தில் புகை தெரிந்தபோதும் எம்டனில் யாரும் பதறவில்லை. கரி போட வரச் சொல்லியிருந்த புரெஸ்க்தான் என்று நினைத்தார்கள். மூன்று மாதம் கரியை வைத்தே பிழைத்தவர் கடைசியில் தவறாகப் படித்ததும் ஒரு கரிப்புகையைத்தான்.

சங்கு ஊதிக் கூப்பிட்டும் கரையிறங்கியவர்கள் வந்து சேர நேரமில்லை. 50 ஆள் குறைவோடு நங்கூரத்தை எடுத்தார். எம்டன்தான் முதலில் சுட்டது, சிட்னியின் தூரமானியையும் உடைத்தது. ஆனால் சிட்னி பெரியது, வேகமானது, அதன் 6 அங்குலக் குண்டு ஒன்று எம்டன் குண்டைப்போல இரண்டரை மடங்கு எடை. அதன் கேப்டன் ஜான் கிளாசப், எம்டனின் குண்டு எட்டாத தூரத்துக்கு விலகி நின்று நிதானமாக அடித்தார். ஒன்றரை மணி நேரத்தில் எம்டனின் மூன்று புகைபோக்கியும் முன் பாய்மரமும் விழுந்தாயிற்று, சுக்கானும் போயிற்று. கப்பல் மூழ்கினால் காயம்பட்டவர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள் என்று, முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் வேண்டுமென்றே ஏற்றி நிறுத்தினார். சிட்னி மாலையில் திரும்பி வந்தபோது கொடி இன்னும் இறங்கவில்லை என்பதால் மறுபடியும் சுட்டார்கள். பிறகு கொடி இறங்கியது. எம்டனில் இறந்தவர்கள் 130க்கும் மேல், சிட்னியில் நான்கு பேர். கொடியைச் சற்று முன்னாலேயே இறக்கியிருந்தால் அந்தக் கடைசி உயிர்களாவது மிஞ்சியிருக்கும். முல்லர் மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் அதுதான்.

கைதிகளோடு சிட்னி கொழும்புக்குள் நுழைந்தபோது, காயம்பட்டவர்கள் படுத்திருக்கிறார்கள், யாரும் வெற்றிக் கூச்சல் போட வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். வரிசையாக நின்ற கப்பல்களில் அத்தனை சிப்பாய்களும் மௌனமாக நின்றார்கள். லண்டன் பத்திரிகைகளே முல்லரைக் கண்ணியமான எதிரி என்று பாராட்டி எழுதின. கரையில் விடுபட்ட மூக்கேயும் ஆட்களும் அங்கிருந்த ஒரு பழைய பாய்மரக் கப்பலைத் தள்ளிக்கொண்டு போய், சுமத்ரா, அரேபியா வழியாகக் கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர்ந்தது தனி இதிகாசம், இன்னொரு பதிலுக்கு ஆகும்.

முல்லரை மால்டாவில் சிறை வைத்தார்கள். 1916இல் ஆட்களிடமிருந்து பிரித்து இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்து சட்டன் பானிங்டன் முகாமுக்கு மாற்றினார்கள். அங்கே சும்மா இருந்தாரா? 1917 செப்டம்பரில் சுரங்கம் தோண்டி இருபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் வெளியேறினார்கள், தலைமை அவர்தான். அவரும் பிடிபட்டார். அப்புறம் பழைய மலேரியா திரும்பியது. அதைக் காட்டித்தான் 1918 தொடக்கத்தில் நடுநிலை நாடான நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள், அக்டோபரில் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். ஜெர்மனியின் மிக உயர்ந்த ராணுவ விருதான பூர் லெ மெரிட் அந்த ஆண்டு மார்ச்சில்தான் வந்தது. கப்பலைப் பறிகொடுத்து மூன்று ஆண்டு நான்கு மாதம் கழித்து.

1919இல் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்று, ஹார்ஸ் மலையடிவாரத்தில் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குடியேறினார். பழமைவாதிகளான ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியின் சார்பில் பிரவுன்ஷ்வைக் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புத்தகம் எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். எம்டனைப் பற்றி எதை எழுதினாலும் பணம் கொட்டியிருக்கும், மூக்கே எழுதியது சூடாக விற்றது. இவர் மட்டும் மறுத்துவிட்டார். தோழர்களின் ரத்தத்தைக் காசாக்குவதுபோல் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் கையால் எழுதியதாக மிஞ்சியது பெரும்பாலும் அலுவல் அறிக்கைகள்தான்.

1923 மார்ச் 11இல் பிரவுன்ஷ்வைக்கில் திடீரென்று இறந்தார். ஐம்பது வயது நிறைய மூன்று மாதம் பாக்கி. ஆப்பிரிக்கா மலேரியா உள்ளே அரித்துவைத்திருந்த உடம்பு. உயிர் தப்பிய எம்டன் மாலுமிகள் தங்கள் பெயருக்குப் பின்னால் கப்பல் பெயரைச் சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு பிற்பாடு அனுமதித்தது, அந்தப் பெயரோடு வாழும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. பாறையில் கிடந்த கப்பலை 1950களில் ஒரு ஜப்பானியக் கம்பெனி உடைத்து இரும்பாக எடுத்துப்போனது. அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால், பாரிமுனையில் இறங்கி உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரோரம் நடந்து போங்கள், கல்வெட்டு அங்கே இருக்கிறது.